விவால்டியின் 'குளோரியா': வேகம், கீ, உணர்வு மூன்றையும் ஸ்கோரிலிருந்தே கண்டுபிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

பரோக் காலத்து (சுமார் 1600–1750) ஆராதனைப் பாடல் ஒன்றைக் கொயர் கையில் எடுத்ததும் மூன்று கேள்விகள் வந்துவிடும். எந்த வேகத்தில் பாடுவது? எந்தக் கீ-யில் (ஆதார சுரத்தில்)? என்ன உணர்வோடு? நம்மில் பலர் யூடியூபில் ஒரு பதிவைக் கேட்டு, அதையே பின்பற்றத் தொடங்குகிறோம். அடுத்த நாள் இன்னொரு பதிவைக் கேட்டால் வேகம் வேறாக இருக்கிறது, சுருதி அரைச் சுரம் இறங்கியிருக்கிறது, முதல் பதிவில் கொண்டாட்டமாக இருந்த இடம் இதில் நிதானமாகப் போகிறது. எது சரி என்று தெரியாமல் குழம்புகிறோம்.

இதற்கான பதிலில் பெரும்பகுதி ஸ்கோருக்குள்ளேயே (இசைக்குறிப்புப் பிரதிக்குள்ளேயே) இருக்கிறது. ஆனால் தேடும் வரிசை முக்கியம். முதலில் வேகம், பிறகு கீ, கடைசியில்தான் உணர்வு. பெரும்பாலான குழுக்கள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன. "இது மகிழ்ச்சியான பாட்டு, வேகமாகப் பாடுவோம்" என்று ஆரம்பிக்கிறார்கள். பரோக் இசையில் அப்படித் தொடங்கினால் பாதி வழியில் இசையே நம்மோடு சண்டை போடும்.

பொதுவாகப் பேசிக்கொண்டே போனால் பயன் இல்லை. ஒரே படைப்பை எடுத்துக்கொண்டு கடைசிவரை போவோம்: அந்தோனியோ விவால்டியின் 'குளோரியா', டி மேஜர், ஆர்.வி. 589 (விவால்டி படைப்புகளின் பட்டியல் எண்). பன்னிரண்டு பகுதிகள், ஏறக்குறைய அரை மணி நேரம். அமெச்சூர் கொயர்களும் பாடக்கூடியது. வேகம், கீ, உணர்வு ஆகிய மூன்றும் எப்படி ஒன்றையொன்று தாங்குகின்றன என்பதைப் பார்க்க இதைவிட நல்ல படைப்பு எனக்குத் தெரியாது.

தொடங்கும் முன்: இது யாருக்காக எழுதப்பட்டது

விவால்டி 1678-இல் வெனிஸில் பிறந்தவர். 1703-இல் குருப்பட்டம் பெற்றார். அதே ஆண்டில் ஒஸ்பெதாலே தெல்லா பியெத்தா என்ற ஆதரவற்ற குழந்தைகளுக்கான இல்லத்தில் வயலின் ஆசிரியராகச் சேர்ந்தார். அங்கு வளர்ந்த பெண்களின் இசைக்குழு ஐரோப்பா முழுதும் பேசப்பட்டது. பாடியவர்களும் வாசித்தவர்களும் பெண்களே. மாடத்தில், கம்பித் தடுப்புக்குப் பின்னால் நின்று பாடினார்கள். டெனர், பேஸ் வரிகளையும் அவர்களே பாடினார்கள். இந்த 'குளோரியா' 1715-ஐ ஒட்டி அவர்களுக்காகத்தான் எழுதப்பட்டது என்று கருதப்படுகிறது.

அதன்பின் ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் இதை யாரும் பாடவில்லை. 1920களின் கடைசியில், இன்று இத்தாலியின் தூரின் நகரின் தேசியப் பல்கலைக்கழக நூலகத்தில் இருக்கும் விவால்டி கையெழுத்துப் பிரதிகள் வெளிச்சத்துக்கு வந்தன. 1939 செப்டம்பரில் சியெனா நகரில் இத்தாலிய இசையமைப்பாளர் அல்ஃபிரெதோ கசெல்லா இதை மீண்டும் மேடையேற்றினார். இந்த வரலாறு எதற்கு என்றால், அடுத்த படி இதிலிருந்துதான் தொடங்குகிறது.

படி 1: கையில் இருக்கும் பதிப்பு எது என்று பாருங்கள்

கசெல்லா தன் காலத்து ரசனைக்கேற்ப இந்தப் படைப்பை மாற்றியமைத்தார். அந்த வடிவம் அச்சிலும் வந்தது. அதன்பின் வந்த பல வோக்கல் ஸ்கோர்களிலும் பதிப்பாசிரியர்கள் சேர்த்த கிரெஷெண்டோ (ஒலியைக் கூட்டு), ரிட்டார்டாண்டோ (வேகத்தைக் குறை), மெட்ரோனோம் எண் (நிமிடத்துக்கு எத்தனை தாளம்) எல்லாம் இருக்கும். மெட்ரோனோமுக்கு மெல்ட்செல் காப்புரிமை பெற்றது 1815-இல். விவால்டி இறந்தது 1741-இல். ஆகவே 'குளோரியா' ஸ்கோரில் எந்த மெட்ரோனோம் எண் இருந்தாலும் அது வேறொருவர் சொன்ன யோசனைதான். பென்சிலால் அடைப்புக்குறி போட்டு ஒதுக்கி வையுங்கள். அழிக்க வேண்டாம், பிறகு ஒப்பிட்டுப் பார்க்க உதவும்.

விவால்டி தந்தவை இவ்வளவுதான்: ஒரு வேகச் சொல் (வேகமான அல்லெக்ரோ, நடைவேகத்தில் அந்தாந்தே, மெதுவான அடாஜியோ, மிக மெதுவான லார்கோ), டைம் சிக்னேச்சர் (3/4 போன்ற தாள அளவு), கீ சிக்னேச்சர் (கீ-யைக் காட்டும் குறி), சுரங்கள், லத்தீன் சொற்கள். மூலப் பிரதியின் படங்களும் நல்ல பதிப்புகளும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு பிரதியை அச்செடுத்து, மேலே சொன்னவற்றுக்கு மட்டும் வட்டம் போடுங்கள்.

படி 2: பாடாமல் வாசியுங்கள்

முதல் இரண்டு பகுதிகளின் சொற்கள் லூக்கா 2:14-இல் வருபவை. தமிழ் விவிலியம் படித்தவர்களுக்கு மனப்பாடமாகத் தெரிந்த வசனம்: "உன்னதத்திலிருக்கிற தேவனுக்கு மகிமையும், பூமியிலே சமாதானமும், மனுஷர்மேல் பிரியமும் உண்டாவதாக." லத்தீனில் முதல் பாதி 'குளோரியா இன் எக்ஷெல்சிஸ் தேயோ'. இரண்டாம் பாதி 'எத் இன் தெர்ரா பாக்ஸ் ஹொமினிபுஸ் போனே வொலுந்தாதிஸ்'.

கொயர் முழுவதும் சேர்ந்து இதைச் சத்தமாக, சுரமில்லாமல், ஸ்கோரில் உள்ள தாளத்தில் வாசிக்கட்டும். அழுத்தம் விழும் அசைகள் 'குளோ', 'ஷெல்', 'தே', பிறகு 'தெர்', 'பாக்ஸ்', 'மி', 'போ', 'தா'. மற்ற அசைகள் இலேசாக விழ வேண்டும். தமிழ் பேசுகிற நாம் எல்லா அசைகளுக்கும் ஏறக்குறையச் சமமான எடை கொடுக்கிறோம். லத்தீனில் அப்படிச் செய்தால் எந்த வேகத்தில் பாடினாலும் இசை கனமாக நடக்கும். வேகம் போதவில்லை என்று பலர் நினைக்கும் இடத்தில் உண்மையான குறை அழுத்தத்தில்தான் இருக்கும். இதற்காக ஒரு முழு ஒத்திகையைச் செலவிட்டாலும் தகும்.

படி 3: வேகத்தைக் கண்டுபிடித்தல்

விவால்டி 'அல்லெக்ரோ' என்று எழுதியதைப் பார்த்தவுடன் மெட்ரோனோமில் 120-இலிருந்து 160-க்குள் எங்காவது முள்ளை வைப்பது இன்றைய பழக்கம். இந்த ஒரே படைப்பில் முதல் பகுதி அல்லெக்ரோ, நான்கு தாளம். 'லௌதாமுஸ் தே' அல்லெக்ரோ, இரண்டு தாளம். 'தோமினே ஃபிலி' அல்லெக்ரோ, மூன்று தாளம். 'குயி செதேஸ்' அல்லெக்ரோ, 3/8. நான்குக்கும் ஒரே எண்ணைப் பொருத்திப் பாருங்கள், சிரமம் புரியும். அந்தச் சொல் தருவது ஒரு நடை. அந்த நடை எந்த வேகத்தில் வெளிப்படும் என்பதை டைம் சிக்னேச்சரும் சுரங்களும் முடிவு செய்கின்றன.

நான் பின்பற்றும் முறை இது. மேல் வரம்பு ஒன்று, கீழ் வரம்பு ஒன்று கண்டுபிடிப்பேன். சரியான வேகம் இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கும்.

மேல் வரம்பு, மிகச் சிறிய சுரங்களிலிருந்து கிடைக்கும். முதல் பகுதியில் வயலின்கள் ஆக்டேவ் தாவல்களோடு தொடங்கி, செமிகுவேவர்களாக (கால் தாளச் சுரங்களாக) ஓடத் தொடங்கும். குரோச்செட் (ஒரு தாளச் சுரம்) நிமிடத்துக்கு 108 என்று வைத்தால் வினாடிக்கு ஏழுக்குச் சற்று மேல் செமிகுவேவர்கள் வரும். பயிற்சியுள்ள வயலின்காரர்களால் இதைத் தெளிவாக வாசிக்க முடியும். 130-ஐத் தாண்டினால் வினாடிக்கு எட்டரைக்கு மேல் போய்விடும். நல்ல கலைஞர்கள் அதையும் வாசிப்பார்கள், ஆனால் எதிரொலி உள்ள ஆலயத்தில் கேட்பவர்களுக்கு அது சுரமாகப் போய்ச் சேராது, வெறும் இரைச்சலாகத்தான் சேரும்.

கீழ் வரம்பு மூச்சிலிருந்து கிடைக்கும். கொயரின் நீளமான வாக்கியத்தை ஒரே மூச்சில் பாட வேண்டும். இரண்டாம் பகுதியான 'எத் இன் தெர்ரா பாக்ஸ்' இதற்கு நல்ல சோதனை. அந்தாந்தே, 3/4. குரோச்செட் 72 என்றால் ஒரு பார் (தாளச் சுற்று) இரண்டரை வினாடி, நான்கு பார்களுக்குப் பத்து வினாடி. 60-க்கு இறக்கினால் அதே நான்கு பார்கள் பன்னிரண்டு வினாடி ஆகும். கணக்கில் இரண்டு வினாடிதான் வித்தியாசம். ஆனால் பாடுகிறவர்களின் முகத்தில் அது உடனே தெரியும். சொற்றொடரின் கடைசி அசை சுருதி இறங்கத் தொடங்கும்.

மூன்றாவதாக, கார்டுகள் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டுகள்) எவ்வளவு அடிக்கடி மாறுகின்றன என்று பாருங்கள். வேகத்தைத் தீர்மானிப்பதில் இதற்கு இருக்கும் அதிகாரம் பலருக்குத் தெரியாது. முதல் பகுதியின் தொடக்கத்தில் டி மேஜர் கார்டு நகராமல் நிற்கிறது. வயலின்கள் என்னதான் குதித்தாலும் அடித்தளம் அசையவில்லை. ஆகவே அங்கே தயங்காமல் ஓடலாம். நான்காவது பகுதியான 'கிராத்தியாஸ் அஜிமுஸ் தீபி'யைப் பாருங்கள். மொத்தமே ஆறு பார்கள், அடாஜியோ. கார்டுகள் நெருக்கமாக, அசைக்கு அசை மாறுகின்றன. ஒவ்வொரு கார்டும் காதில் உட்கார நேரம் வேண்டும். விவால்டி அடாஜியோ என்று எழுதாவிட்டாலும் இதை வேகமாகப் பாட முடியாது.

இன்னொரு துணையும் இருக்கிறது. யோஹான் யோவாகிம் குவான்ட்ஸ் 1752-இல் வெளியிட்ட புல்லாங்குழல் நூலில், மனிதனின் நாடித் துடிப்பை நிமிடத்துக்குச் சுமார் 80 என்று வைத்துக்கொண்டு வேகங்களைக் கணக்கிட்டார். அந்தக் கணக்குப்படி மிக வேகமான அல்லெக்ரோவில் ஒரு துடிப்புக்கு இரண்டு குரோச்செட், நிதானமான அல்லெக்ரெட்டோவில் ஒரு துடிப்புக்கு ஒன்று. அதாவது 160-க்கும் 80-க்கும் நடுவில் ஒரு பரந்த வெளி. ஆனால் குவான்ட்ஸ் ஜெர்மனியில், வாத்தியக்காரர்களுக்காக, இந்தப் படைப்புக்குப் பல பத்தாண்டுகள் கழித்து எழுதியவர். அவருடைய எண்ணை அப்படியே எடுத்து வெனிஸ் கொயர் மேல் போர்த்தக் கூடாது. அக்காலத்தவர் துடிப்பிலிருந்து யோசித்தார்கள் என்பதே நமக்கு முக்கியம்.

எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால், முதல் பகுதிக்கு என் தேர்வு குரோச்செட் 104 முதல் 112 வரை. இரண்டாம் பகுதிக்கு 66 முதல் 74 வரை. ஒரு வசதியையும் கவனியுங்கள். முதல் பகுதியை 108-இலும் இரண்டாவதை 72-இலும் எடுத்தால் விகிதம் சரியாக மூன்றுக்கு இரண்டு. முதல் பகுதியின் மூன்று தாளம் ஓடிய நேரத்தில் இரண்டாம் பகுதியின் இரண்டு தாளம் ஓடும். இதை விவால்டி கேட்டார் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கொயர் மாஸ்டருக்கு அடுத்த வேகத்தை மனத்துக்குள் தயார்செய்ய இது பெரிய உதவி. முதல் பகுதி முடிந்ததும் கையை இறக்காமல், பழைய துடிப்பை மூன்று மூன்றாக எண்ணி, அதில் இரண்டு போடுங்கள். புது வேகம் வந்துவிடும்.

மெதுவான பகுதிகளில் ஆபத்து வேறு. ஆறாவது பகுதியான 'தோமினே தேயுஸ்' லார்கோ, 12/8. சொப்ரானோவும் ஓபோவும் (சில குழுக்களில் வயலினும்) பாடும் சிசிலியானா. பன்னிரண்டு குவேவர்களையும் எண்ணத் தொடங்கினால் இசை நின்றுவிடும். பாருக்கு நான்கு பெரிய தாளங்கள்தான், ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு நாற்பதை ஒட்டி. லார்கோ என்ற சொல்லைப் பார்த்துப் பயந்து இதை இழுக்கிறவர்கள் அதிகம். இது ஆடும் நடையில் பிறந்த மெட்டு. அந்த ஆட்டம் கேட்க வேண்டும்.

படி 4: கீ-யைப் புரிந்துகொள்ளுதல்

டி மேஜர் என்றதும் "மகிழ்ச்சியான கீ" என்று சொல்லிவிடுவது எளிது. அக்காலத்தில் அப்படிப் பட்டியல் போட்டவர்களும் உண்டு. பாரிஸில் இசையமைப்பாளர் மார்க்-அந்துவான் ஷார்பான்தியே டி மேஜரை மகிழ்ச்சியும் போர்க்குணமும் கொண்டது என்றும், பி மைனரைத் தனிமையும் சோகமும் கொண்டது என்றும் எழுதினார். நம் படைப்பின் முதல் இரண்டு பகுதிகளுக்கு அச்சாகப் பொருந்துகிறது. ஆனால் அதே பட்டியலில் எஃப் மேஜர் ஆவேசமும் சீற்றமும் கொண்டது. ஜெர்மனியில் இசை அறிஞர் மத்தேசன் 1713-இல் போட்ட பட்டியலில் அதே எஃப் மேஜர் உயர்ந்த, அழகிய உணர்வுகளுக்கான கீ. விவால்டி இங்கே எஃப் மேஜரில் எழுதிய 'தோமினே ஃபிலி' நடனம்போலத் துள்ளுகிறது. ஆகவே பட்டியலை ஆர்வத்துக்காகப் படியுங்கள், அதை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

டி மேஜர் ஏன் என்பதற்கு மிக உறுதியான காரணம் டிரம்பெட். அந்தக் காலத்து டிரம்பெட்டில் வால்வு கிடையாது. குழாயின் நீளம் தரும் இயற்கைச் சுரங்களை மட்டுமே ஊத முடியும். டி-யில் செய்யப்பட்ட டிரம்பெட் டி மேஜரில்தான் பிரகாசிக்கும். அடுத்து வயலின் குடும்பம். திறந்த தந்திகளில் டி-யும் ஏ-யும் இருக்கின்றன. டி மேஜரில் வாசிக்கும்போது விரல் படாத தந்திகளும் சேர்ந்து அதிரும். கருவிகளே உரக்கப் பேசும் கீ இது. இந்தப் படைப்பில் டிரம்பெட் முதல் பகுதியிலும் கடைசி இரண்டிலும் மட்டுமே வருகிறது. நடுவில் அது மௌனமாக இருக்கிறது. அந்த மௌனமும் கீ-யின் திட்டத்தில் ஒரு பகுதி.

சரி, இப்போது பன்னிரண்டு பகுதிகளின் கீ-களையும் வரிசையாக எழுதிப் பாருங்கள். முதல் பகுதி டி மேஜர். பிறகு பி மைனர், ஜி மேஜர், ஈ மைனர் (இரண்டு பகுதிகள்), சி மேஜர், எஃப் மேஜர், டி மைனர். ஷார்ப்களை (அரைச் சுரம் ஏற்றும் குறிகளை) எண்ணுங்கள். முதல் இரண்டு பகுதிகளில் இரண்டு ஷார்ப். அடுத்த மூன்றில் ஒன்று. ஆறாவதில் ஒன்றும் இல்லை. ஏழிலும் எட்டிலும் ஒரு ஃப்ளாட் (அரைச் சுரம் இறக்கும் குறி). மாடிப்படி இறங்குவதுபோல, ஒரு படி தவறாமல் வெளிச்சம் குறைந்துகொண்டே வருகிறது. சுரங்களாகப் பார்த்தாலும் அப்படியே: டி, பி, ஜி, ஈ, சி. ஒவ்வொன்றும் முந்தையதிலிருந்து மூன்றாம் சுரம் கீழே.

எட்டாவது பகுதியில் நாம் டி-க்கே திரும்பி வருகிறோம், ஆனால் மைனராக. சொற்கள் 'தோமினே தேயுஸ், அக்னுஸ் தேயி': ஆண்டவராகிய கடவுளே, கடவுளின் ஆட்டுக்குட்டியே. பாடலின் சொற்கள் புகழ்ச்சியிலிருந்து மன்றாட்டுக்கு இறங்கும் இடமும் இதுதான். ஆல்டோ தனியாகப் பாட, கொயர் இடையிடையே குறுகிய வாக்கியங்களால் குறுக்கிடுகிறது. தொடங்கிய அதே டி, இப்போது இருட்டில் நிற்கிறது. இதைக் கொயருக்கு ஒருமுறை பலகையில் எழுதிக் காட்டுங்கள். அதன்பின் அவர்கள் அந்தப் பகுதியைப் பாடும் விதமே மாறும். பத்தாவது பகுதி மீண்டும் பி மைனர், பதினொன்றாவது டி மேஜர். ஏழு பகுதிகளாக இறங்கியதை இவ்வளவு விரைவாக ஏறிவிடுகிறார்.

இதிலிருந்து ஒரு நடைமுறை விதி கிடைக்கிறது. சொப்ரானோக்களுக்கு உயரமாக இருக்கிறது என்று ஏதோ ஒரு பகுதியை மட்டும் கீபோர்டின் டிரான்ஸ்போஸ் பட்டனால் இறக்காதீர்கள். இறக்கத்தான் வேண்டும் என்றால் பன்னிரண்டையும் ஒரே அளவில் இறக்குங்கள். தனிக் கீ-யைவிட, பகுதிகளுக்கு இடையே உள்ள உறவு முக்கியம்.

இறக்குவது குற்றமும் இல்லை. பரோக் கருவிகளை வைத்து இன்று வாசிக்கும் குழுக்கள் பெரும்பாலும் ஏ-யை 415 ஹெர்ட்ஸில் வைக்கின்றன. நம்முடைய 440-ஐவிட அது அரைச் சுரம் கீழே. யூடியூபில் இரண்டு பதிவுகள் இரண்டு சுருதியில் ஒலிப்பதன் காரணம் இதுதான். அக்காலத்தில் சுருதி ஊருக்கு ஊர் மாறியது. லைப்சிக்கில் பாக் பணியாற்றிய ஆலயங்களில் ஆர்கன் மற்றக் கருவிகளைவிட ஒரு முழுச் சுரம் உயரமாக இருந்தது. அதனால் ஆர்கன்காரருக்கான பிரதியை ஒரு சுரம் இறக்கி எழுதினார்கள். ஒரே ஆலயத்தில், ஒரே நேரத்தில், இரண்டு கீ சிக்னேச்சர்கள்.

நம் ஊர்க் கொயர்களில் டோனிக் சால்ஃபா (டோ, ரே, மி எழுத்துக் குறிப்பு) பார்த்துப் பாடுகிறவர்கள் நிறைய. அவர்களுக்கு ஒரு குறிப்பு. சால்ஃபாவில் 'டோ' எங்கே இருந்தாலும் எழுத்து ஒன்றுதான். அதனால் இந்தப் படிப்படியான இறக்கம் தாளில் தெரியாது. ஒவ்வொரு பகுதியின் தலையிலும் கீ-யைப் பெரிதாக எழுதி, மைனர் பகுதிகளுக்கு வேறு நிறம் பூசுங்கள். பி மைனர் பகுதியில் 'லா'தான் வீடு. 'டோ'வை வீடாக நினைத்துப் பாடினால் ஒவ்வொரு வாக்கியமும் தவறான இடத்தில் போய் ஓய்வெடுக்கும்.

படி 5: உணர்வு

இப்போதுதான் உணர்வைப் பற்றிப் பேசலாம். வேகமும் கீ-யும் தெரிந்தபின் உணர்வு பாதிக்கு மேல் தானாகவே வந்திருக்கும். மீதியை எங்கே தேடுவது என்பதே கேள்வி.

ஒப்பிடுவது நல்ல வழி. ஒரே வசனத்தை மூன்று பேர் எப்படிக் கையாண்டார்கள் என்று பாருங்கள். பாக் 1733-இல் எழுதிய மிஸ்ஸாவின் 'குளோரியா' (பிறகு இதுவே பி மைனர் மாஸில் சேர்ந்தது) டி மேஜரில், 3/8-இல், டிரம்பெட்டும் டிரம்முமாகச் சுழல்கிறது. 'எத் இன் தெர்ரா பாக்ஸ்' வந்ததும் இடைவெளி இல்லாமலேயே நான்கு தாளத்துக்கு மாறி, டிரம்பெட் ஓய்ந்து, இசை கீழே இறங்கி அமைகிறது. அங்கே சமாதானம் என்பது ஓய்வு. 1742 ஏப்ரல் 13-இல் டப்ளினில் முதன்முதலில் பாடப்பட்ட ஹேண்டலின் 'மெசையா'விலும் தேவதூதர்களின் பாட்டு டி மேஜரில்தான். மகிமைக்கு உயர்ந்த குரல்கள், பூமிக்குத் தாழ்ந்த குரல்கள். டிரம்பெட்டைத் தூரத்திலிருந்து கேட்பதுபோல வாசிக்கச் சொல்கிறார். கடைசியில் தூதர்கள் விலகிப் போவதுபோல இசை மெல்லத் தேய்கிறது. அங்கே அது ஒரு காட்சி.

விவால்டி என்ன செய்தார்? முழு நிறுத்தம். புதிய பகுதி. பி மைனர். தந்திகள் ஒரே சீராகத் துடித்துக்கொண்டே இருக்க, குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக நுழைகின்றன. இசை எதிர்பாராத கீ-களுக்குள் அலைகிறது. ஒரு குரல் பழைய கார்டின் சுரத்தை விடாமல் பிடித்திருக்க, மற்றவை நகர்ந்துவிடுகின்றன. அந்த உரசல் தீர்வதற்குள் அடுத்த உரசல் தொடங்குகிறது. உலகில் சமாதானம் என்ற சொற்களுக்கு இவ்வளவு துயரமான இசை ஏன் என்று பலரும் கேட்டிருக்கிறார்கள். எனக்குத் தோன்றுவது இதுதான்: அந்த வசனத்தில் மகிமை ஏற்கெனவே இருக்கிறது, சமாதானம் இன்னும் வரவில்லை, அது வேண்டப்படுகிறது. விவால்டி அந்த வேண்டுதலைத்தான் இசையாக்கியிருக்கிறார். வேறு விளக்கமும் இருக்கலாம். ஆனால் இந்தப் பகுதியைப் புன்னகையோடு பாடச் சொல்லும் கொயர் மாஸ்டரோடு நான் உடன்பட மாட்டேன்.

இந்த உணர்வைக் கொயரிடமிருந்து எப்படி வரவைப்பது? "சோகமாகப் பாடுங்கள்" என்று சொல்லாதீர்கள். சொன்னவுடன் எல்லோரும் மெதுவாக்குவார்கள், சுருதி இறங்கும். அதற்குப் பதில் பென்சிலை எடுத்து, உரசல் வரும் ஒவ்வொரு சுரத்துக்கும் மேல் ஒரு சிறு கோடு போடச் சொல்லுங்கள். அந்தச் சுரத்தில் சாய்ந்து, அது தீரும் சுரத்தில் எடையை விட வேண்டும். சாய்வது சத்தத்தைக் கூட்டுவது என்று ஆகிவிடக் கூடாது. மூச்சை அந்த இடத்துக்காகச் சேமித்து வைப்பதே வேலை. இதை மட்டும் செய்தாலே கேட்பவர்களின் தொண்டை அடைக்கும்.

முதல் பகுதிக்கு இவ்வளவு வேலை இல்லை. கொயர் பெரும்பாலும் கார்டு கார்டாக, எல்லோரும் ஒரே அசையில் பாடுகிறது. 'குளோரியா'வின் 'க்' எல்லோர் வாயிலும் ஒரே கணத்தில் வெடிக்க வேண்டும், கடைசி 'ஆ' இலேசாக விழ வேண்டும். மற்றதை வயலின்களும் டிரம்பெட்டும் பார்த்துக்கொள்ளும்.

படி 6: மற்றப் பகுதிகளுக்கு இதே கண்ணால்

'லௌதாமுஸ் தே' இரண்டு சொப்ரானோக்களின் உரையாடல், ஜி மேஜர். ஒருவரையொருவர் முந்தப் பார்க்கும் விளையாட்டு அதில் இருக்கிறது, நிதானமான அல்லெக்ரோவே போதும். ஐந்தாவது பகுதியான 'ப்ரோப்தர் மாக்னாம் குளோரியாம்' ஈ மைனரில் ஒரு சிறிய ஃபியூக் (ஒரே மெட்டைக் குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்துப் பின்னும் வடிவம்). முந்தைய ஆறு பார்களை முடித்து மூச்சு வாங்காமல் உடனே நுழையுங்கள், அந்த ஆறு பார்களும் இதற்கான வாசல்தான்.

'தோமினே ஃபிலி' முழுதும் புள்ளி வைத்த தாளம், நீளம்-குறில் நீளம்-குறில் என்று போகும். குறிலைத் தாமதமாக, இலேசாக வைத்தால் துள்ளும். சோம்பலாக வைத்தால் மூன்றாகப் பிரிந்து ஆடத் தொடங்கி, நடனம் தள்ளாட்டமாகிவிடும். வேகத்தைக் கூட்டினால் சரியாகும் என்று தோன்றும், ஆகாது. வாக்கியங்கள் முடியும் இடங்களையும் பாருங்கள்: இரண்டு மூன்று-தாள பார்கள் சேர்ந்து மூன்று இரண்டு-தாளங்களாக மாறினால், கைத்தாளத்தை விட்டுவிட்டுச் சொல்லின் அழுத்தத்தைப் பின்பற்றுங்கள்.

'குயி செதேஸ்', பி மைனர், 3/8, ஆல்டோ தனி. பிதாவின் வலப்பக்கத்தில் அமர்ந்திருப்பவரிடம் இரக்கம் கேட்கும் மன்றாட்டு, ஆனால் தலையில் அல்லெக்ரோ. வேகமான வேண்டுதல் என்றால் ஒத்துவராது என்று நினைத்து இதை மெதுவாக்குகிறவர்கள் உண்டு. மெதுவாக்காதீர்கள். பாருக்கு ஒரு தாளம் என்று உணர்ந்து பாடினால், அந்த அவசரமே மன்றாட்டின் உணர்வைத் தரும்.

'குவோனியாம்' பதினொன்றாவது. முதல் பகுதியின் இசையே சுருக்கமாகத் திரும்பி வருகிறது. வேகமும் அதுவேதான். இருபது நிமிடங்களுக்கு மேல் கடந்தபின் கை தானாக வேகமாக எடுத்துவிடும். முதல் பகுதியின் எண்ணைப் பென்சிலால் இங்கே எழுதி வையுங்கள்.

படி 7: பாடப்போகும் இடத்தில் திருத்துங்கள்

வீட்டில் கண்டுபிடித்த எண்கள் எல்லாம் ஒரு தற்காலிக முடிவு. ஆலயத்தில் நின்று ஒருமுறை கை தட்டி, ஒலி எவ்வளவு நேரத்தில் அடங்குகிறது என்று எண்ணுங்கள். இரண்டு வினாடிக்கு மேல் நீண்டால் அல்லெக்ரோ பகுதிகளை நான்கைந்து எண் குறைக்கலாம். ஆனால் அடாஜியோ பகுதிகளை அப்படியே விடுங்கள், அந்த எதிரொலி அவற்றுக்கு உதவியே செய்யும். கார்ப்பெட்டும் திரைச்சீலையும் உள்ள அரங்கம் என்றால் நேர்மாறு: மெதுவான பகுதிகள் காய்ந்து ஒலிக்கும், சற்று நகர்த்த வேண்டியிருக்கும். கொயரை முன்னால் நிறுத்தி, செல்போனைக் கடைசி வரிசை நாற்காலியில் வைத்துப் பதிவு செய்யுங்கள். மேடையில் நிற்பவருக்குக் கேட்பதும் கடைசி வரிசையில் கேட்பதும் வேறு.

கடைசிப் பகுதிக்குத் தனியாக நேரம் ஒதுக்குங்கள். 'கும் சாங்க்தோ ஸ்பிரிதூ' டி மேஜரில் ஒரு இரட்டை ஃபியூக், பழைய ஆலய நடையில் எழுதப்பட்டது. இது முழுக்க விவால்டியின் சொந்த இசையும் இல்லை. ஜொவான்னி மரியா ருஜியெரி என்பவர் 1708-இல் எழுதிய ஒரு குளோரியாவின் முடிவை எடுத்துத் தன் தேவைக்கேற்ப மாற்றியமைத்திருக்கிறார். அக்காலத்தில் இது சாதாரணம். ஆனால் நமக்கு இதன் பொருள், முந்தைய பகுதிகளின் நடை இங்கே செல்லாது என்பது. நீளமான சுரங்களைப் பார்த்து நான்காக எண்ணினால் ஃபியூக் ஊர்ந்து போகும். பாருக்கு இரண்டு பெரிய தாளம் போடுங்கள். தலைப்பு மெட்டு எந்தக் குரலில் நுழைகிறதோ அந்தக் குரல் முன்னால் வரட்டும், மற்றவர்கள் உடனே ஒரு படி இறங்கட்டும். டிரம்பெட் நுழையும்போது கொயர் அதோடு போட்டி போட வேண்டாம், அதன் ஒலி எப்படியும் மேலே மிதக்கும். 'ஆமென்' வரிசை தொடங்கியதும் பலரும் வேகத்தைக் குறைக்க ஆரம்பிப்பார்கள். குறைக்காதீர்கள். கடைசி காடென்ஸுக்கு (முடிவுக் கார்டுகளுக்கு) முந்தைய பார் வரை அதே துடிப்பு. அங்கே மட்டும் கையைச் சற்று அகலமாக விரித்து, கடைசிக் கார்டில் இறக்குங்கள்.